கடமான் வேட்டைக்கு ரேஞ்ச்ஃபைண்டர்: எது போதும்?

டான்டினாங்_தம்பி:
ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மான் வேட்டை லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, .308 ரைஃபிளும் 150 கிரெய்ன் எடைத் தோட்டாவும் 200 மீட்டருக்கு ஜீரோ செய்து (அந்தத் தூரத்தில் குறியிலேயே படும்படி சரிசெய்து) தயார். டார்கோ பக்கம் மலையில் கடமான் தேடிப் போகப் போகிறோம். இலக்கின் தூரத்தை அளக்கும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், பெட்டியில் 1000, 1800, 2400 என்று போட்டிருக்கிறது, எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. ஆபீஸ் நண்பர் தன்னிடமிருக்கும் கால்ஃப் ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்துப் போகச் சொல்கிறார். அது போதுமா, இல்லை காசைப் போட்டு நல்லதாகவே வாங்கிவிடவா?

மலைச்சரிவு:
தம்பி, பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது பளபளவென்று ஒளியைத் திருப்பி அனுப்பும் பலகைக்கான தூரம். மான் தோல் அப்படித் திருப்பாது. உதாரணத்துக்கு வோர்டெக்ஸ் ரேஞ்சர் 1800: பெயரில்தான் 1800 கஜம், மானுக்கு அவர்களே கொடுத்திருப்பது 900. அதுவும் நல்ல சூழ்நிலையில். உச்சி வெயிலில் சூரிய ஒளியே சென்சாரைக் குழப்பும், மூடுபனியில் பனியிலேயே பட்டுத் திரும்பிவிடும், கையும் ஆடும். ஆனால் உங்களுக்கு 900 எதற்கு? அங்கே காட்டுக்குள் மெதுவாக நடந்து தேடினால் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் கடமான் கண்ணில் படும், அப்போது கருவியை எடுக்க நேரமே இருக்காது. ஓடைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எதிர்ச் சரிவைப் பைனாகுலரில் அலசும்போதுதான் இது வேலைக்கு ஆகும். உங்கள் தோட்டா 200-இல் ஜீரோ என்றால் 300-இல் ஒரு சாண் அளவு இறங்கும், 400-இல் இரண்டு அடிக்கு மேல். எதிர்ச் சரிவில் நிற்பது 300-ஆ 400-ஆ என்று கண்ணால் சொல்வது கஷ்டம், நடுவில் பள்ளம் இருந்தால் இன்னும் மோசம். மானுக்கு 500 மீட்டர் வரை தடுமாறாமல் காட்டினால் போதும்.

காட்டுப்பூச்சி:
கால்ஃப் கருவி வேண்டாம். அதில் கொடிக் கம்பத்தைப் பிடிப்பதற்காக, பின்னால் இருக்கும் மரங்களை விட்டுவிட்டு முன்னால் இருப்பதற்கே முன்னுரிமை கொடுப்பார்கள். கடமான் பெரணிக்கும் வாட்டில் மரக் கிளைக்கும் பின்னால் நிற்கும், அது கிளையின் தூரத்தைச் சொல்லிவிட்டு சும்மா இருக்கும். வேட்டைக்கென்று செய்ததில் கடைசி இலக்கைக் காட்டும் ‘லாஸ்ட்’ மோட் இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: லேசர் கதிர் ஒன்றும் ஊசி முனை இல்லை. 1.5 மில்லிரேடியன் விரிவு (1000 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர்) என்றால் 300 மீட்டரில் 45 சென்டிமீட்டர் அகலம், மானைத் தாண்டிப் பின்னால் இருக்கும் பாறையிலும் படும். ஸ்கேன் மோடில் பட்டனை அழுத்தியபடி மெல்ல நகர்த்தி, எண் எங்கே தாவுகிறது என்று பாருங்கள்.

வாங்கியதும் ஒரு சோதனை: வானம் மட்டுமே பின்னணியாக இருக்கிற தனி மின்கம்பத்தை எடுத்து, கருவியை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் நகர்த்துங்கள். உள்ளே தெரியும் குறி கம்பத்தில் பட்டதும் தூரம் வந்தால் சரி. தள்ளி வந்தால் லேசர் வேறு பக்கம் போகிறது. அந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டான்டினாங்_தம்பி:
நன்றி அண்ணா. சாய்வுக் கணக்கு போடும் வசதிக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள், அது தேவையா?

மலைச்சரிவு:
மலை என்பதால் வாங்குங்கள், அதற்காகப் பர்ஸைக் காலி செய்ய வேண்டாம். 30 டிகிரி சரிவில் நேர்க்கோட்டில் 300 மீட்டர் என்றால் சுடும் கணக்குக்கு எடுக்க வேண்டிய கிடைமட்டத் தூரம் 260 தான், கடமானின் நெஞ்சுப் பகுதிக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. 400 என்று வந்தால் 346, அங்கே 400-க்கென்று குறிவைத்தால் தோட்டா கிட்டத்தட்ட ஓர் அடி மேலே போய்விடும். புதிதாக வருகிறவர் 400-இல் சுடவே வேண்டாம் என்பது என் கருத்து, அது தனிச் சண்டை.

எனக்கு இதைவிட முக்கியம் உள்ளே எண் எந்த நிறத்தில் தெரிகிறது என்பது. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் பின்பு வரைதான் இங்கே சட்டப்படி மான் வேட்டை, கடமான் வெளியே வருவதும் அந்த இரண்டு ஓர நேரத்தில்தான். கறுப்பு எல்சிடி எண்ணாக இருந்தால் கறுத்த காட்டுப் பின்னணியில் ஒன்றுமே தெரியாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சிவப்பு எண் உள்ளதை எடுங்கள். கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இருட்டு மூலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

காட்டுப்பூச்சி:
அப்புறம், உட்கார்ந்தவுடனே எதிர்ச் சரிவில் இருக்கிற வெள்ளை மரம், விழுந்த மரம், பாறை எல்லாவற்றின் தூரத்தையும் அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடுங்கள். மான் வந்தபின் கையைத் தூக்கினால் அது நம்மைப் பார்த்துவிடும். சிஆர்2 பேட்டரி ஒன்று கூடுதலாகச் சட்டைப் பையில் இருக்கட்டும், டார்கோ கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.