புதுப்பிப்பு: அப்பாவின் மூளை ஆபரேஷனுக்குப் பிறகு வந்த காய்ச்சல்

கட்டி எடுத்த 9ஆம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல், கழுத்து விறைப்பு, தலையணையில் ஈரம் என்று எழுதியிருந்தேன். வியர்வை என்றே நினைத்தோம். தையல் வழியாகக் கசிந்த மூளைத் தண்டுவட நீராம், அதாவது மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றியிருக்கும் நீர். கிருமி அந்த வழியில்தான் உள்ளே போய், மூளையைச் சுற்றிய சவ்வில் தொற்று (மெனிஞ்சைட்டிஸ்) வந்திருக்கிறது. முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர் அரிசி கழுவின தண்ணீர் போலக் கலங்கி இருந்தது.

வான்கோமைசின், மெரோபெனம் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகள் ஏறுகின்றன. கசிவையும் மறுபடி தைத்துவிட்டார்கள். நேற்றுக் கண் திறந்து, "இன்னைக்குக் கொழுந்து எத்தனை கிலோ?" என்று தேயிலைக் கணக்கை அம்மாவிடம் கேட்டார். அம்மா அழுதுவிட்டார்.

எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்று கேட்டிருந்தீர்கள். தொற்றாது, இது ஆபரேஷன் புண் வழியாக வந்தது. ஆனால் தலையில் ஆபரேஷன் செய்தவருக்குத் தையலிலோ மூக்கிலோ தண்ணீராக ஒழுகினால், கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக ஹட்டனில் விடியற்காலை பஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் ஓர் இரவு காத்திருந்தோம்.