புதுப்பிப்பு: ஃபார்முலா எல்ஜிபி செலவுக் கணக்கில் ஒரு திருத்தம்

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் ரேஸ் ஓட்ட என்ன செலவாகும் என்ற இழையில், பெரும்பங்கு என்ஜினுக்கே போகும் என்று எழுதியிருந்தேன். அது தப்புங்க. ஒற்றை இருக்கை ரேஸ் வண்டிகளின் பிரிவான ஃபார்முலா எல்ஜிபி 4-இல் எல்லோருக்கும் ஒரே வகை 1.3 லிட்டர் சுசூகி என்ஜின், ஒரே டயர். முன்னால் போகிற வண்டியும் நம்ம வண்டியும் ஒன்றுதான். நாம் அரை செகண்ட் பின்தங்குவது எங்கே என்றால் பிரேக் மிதித்த இடத்தில். இந்த ரேஸின் அழகே அதுதான்.

பணம் கரைவது தேய்மானத்தில்: டயர், பிரேக் பேட், வீல் பேரிங், இடித்தால் வளையும் சஸ்பென்ஷன் ஆர்ம்.

பிரேக் ஆயிலில் மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் குடித்தபின் 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்து உள்ளே ஆவி கட்டினால் பெடல் பஞ்சாகிவிடும், பிரேக் சரியாகப் பிடிக்காது. ஒவ்வொரு ரேஸுக்கு முன்னும் புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுங்க. திறந்த டப்பாவை அடுத்த ரேஸுக்கு வைக்க வேண்டாம்.

சூட்டில் டயர் காற்றழுத்தம் எவ்வளவு ஏறும் என்று கேட்டவருக்கு: 30 டிகிரியில் 24 பிஎஸ்ஐ வைத்தால், உள்காற்று 80 டிகிரி ஆகும்போது 30 காட்டும். காலையில் வைத்ததை மதிய வெயிலில் அப்படியே விடாதீங்க; சூடு ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் 1.3 பிஎஸ்ஐ குறைத்து வையுங்க.