புதுப்பிப்பு: 69.33-க்கு ஃபர்ஸ்ட் கிடைத்துவிட்டது

இங்கிலாந்தில் மூன்று வருட ஆனர்ஸ் இளங்கலைப் பட்டம் படித்த அண்ணன் மகளுக்கு இரண்டாம் ஆண்டில் 66, கடைசி ஆண்டில் 71. எந்த வகுப்பில் பட்டம் வரும் என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு வந்துவிட்டது. ஃபர்ஸ்ட், அதாவது முதல் வகுப்பு! வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

முதலாண்டில் தேறினால் போதும், அந்த மதிப்பெண் பட்டக் கணக்கில் வராது. கடைசி ஆண்டுக்கு இரட்டை எடை. ஆக 66, 71, 71 கூட்டி மூன்றால் வகுத்தால் 69.33. ஃபர்ஸ்டுக்கு 70 வேண்டும். 60-லிருந்து 2:1 (இரண்டாம் வகுப்பின் மேல்நிலை), 50-லிருந்து 2:2 (அதன் கீழ்நிலை), 40-லிருந்து தேர்ட். அப்படிப் பார்த்தால் 2:1தான். ஆனால் அவள் பல்கலைக்கழகத்தில் எல்லைக்கோட்டு விதி ஒன்று உண்டு: சராசரி 68-ஐத் தாண்டி, கடைசி ஆண்டின் 120 கிரெடிட்டில் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) பாதிக்கு மேல் 70-க்குக் குறையாமல் வாங்கியிருந்தால் மேல் வகுப்பு கொடுப்பார்கள். இவளுக்கு 80 கிரெடிட் அப்படி இருந்தது. அந்த 80-இல் 40 கிரெடிட் ஆய்வேட்டிலிருந்தே வந்தது, அதற்கு 74 வாங்கியிருக்கிறாள். காப்பாற்றியது அதுதான்.

இந்த விதி எல்லா இடத்திலும் இல்லை. ஆண்டுகளுக்கான எடையும் மாறும். ஸ்காட்லாந்தில் ஆனர்ஸே நான்கு வருடம். அதனால் அவரவர் துறைக் கையேட்டைப் பாருங்கள், அதுவும் ஆய்வேட்டுத் தலைப்பு எடுக்கும் முன்பே.

அப்புறம், 66-ஐப் பார்த்து நம் ஊர்ப் பெற்றோர் பதற வேண்டாம். அங்கே அது நல்ல மதிப்பெண். பல முதுகலைப் படிப்புகள் கேட்பதே 2:1தான்.