வேக்யூம் போட்டதும் மோனோலேயர் பிஎல் படுத்துடுச்சு, சாம்பிள் போயிடுச்சா?

கேள்வி
மாலிப்டினம் டைசல்ஃபைடு மோனோலேயர் (ஒரே ஒரு அடுக்கு), டேப்ல உரிச்சது, ஆக்சைடு போட்ட சிலிக்கான் மேல இருக்கு. வெளிக்காத்துல 532 நேனோமீட்டர் லேசர் வச்சு பிஎல் (ஃபோட்டோலூமினசென்ஸ், லேசர் பட்டதும் பொருள் திரும்ப விடற ஒளி) எடுத்தப்ப 1.88 இவில (எலக்ட்ரான் வோல்ட்) அருமையான பீக் வந்துச்சு. க்ரையோஸ்டாட்ல (வேக்யூம்ல வச்சு குளிர வைக்கற பெட்டி) மாட்டி ராத்திரி பூரா பம்ப் ஓட விட்டுட்டு காலைல பாத்தா அதே ஸ்பாட் அதே பவர், இன்னும் கூல் பண்ணவே ஆரம்பிக்கல, பிஎல் அஞ்சுல ஒரு பங்கா இறங்கிடுச்சு, பீக்கும் 1.85க்கு நகர்ந்துடுச்சு. ஃபோகஸ் தப்போன்னு சிலிக்கானோட 520 ராமன் லைன் (அணு அதிர்வால சிதறின ஒளியோட கோடு, எண் வேவ்நம்பர்ல) பாத்தேன், அதோட உயரம் அப்படியேதான் இருக்கு. லேப்ல ஒரு சீனியர் "ட்ரையானா இருக்கும்"னு சொல்லிட்டு போயிட்டார். ட்ரையான்னா எக்ஸைட்டானோட (லேசர் உண்டாக்கற எலக்ட்ரான்-ஹோல் ஜோடி) இன்னொரு எலக்ட்ரான் ஒட்டினது, அதோட பைண்டிங் எனர்ஜியே (பிரிக்கத் தேவையான ஆற்றல்) 20-30 மில்லி இவிதான், அறை வெப்பத்துல வெப்ப ஆற்றல் கேடி 26 மில்லி இவி, அப்போ அது உடைஞ்சு போயிருக்கணுமே? ஒருவேளை லேசர்ல எரிச்சுட்டேனோன்னு பயமா இருக்கு, இந்த ஒரு ஃப்ளேக் கிடைக்கவே ரொம்ப நாள் ஆச்சு.

பதில் 1
முதல்ல சூட்டை சந்தேகப்படுங்க. வேக்யூம்ல சூட்டை எடுத்துட்டுப் போக காத்து இல்ல, ஃப்ளேக் சூடானா பீக் கீழ நகரும். பவரை பத்துல ஒண்ணாக்கி எடுத்துப் பாருங்க.

கேட்டவர்
5 மைக்ரோவாட் வரைக்கும் குறைச்சுப் பாத்துட்டேன் அண்ணா, அப்பவும் 1.85லயே நிக்குது.

பதில் 2
அப்போ சூடு இல்ல, எரிச்சதாவும் எனக்குத் தோணல, உங்க சீனியர் சொன்னது சரின்னுதான் நினைக்கிறேன். காத்துல இருக்கும்போது ஆக்சிஜனும் தண்ணி மூலக்கூறும் ஃப்ளேக் மேல ஒட்டிக்கிட்டு அதுல இருக்கற எலக்ட்ரானை இழுத்து வச்சிருக்கும். உரிச்ச மாலிப்டினம் டைசல்ஃபைடு சும்மாவே என்-டைப் (எலக்ட்ரான் உபரியா இருக்கறது), சல்ஃபர் விட்டுப்போன இடங்கள், கீழ இருக்கற ஆக்சைடு ரெண்டையும்தான் பொதுவா காரணமா சொல்வாங்க. பம்ப் பண்ணதும் ஒட்டியிருந்தது கழண்டு போச்சு, லேசர் பட்டா இன்னும் வேகமா கழலும், பிடிச்சு வச்சிருந்த எலக்ட்ரான் எல்லாம் திரும்ப ஃப்ளேக்குக்கே வந்துடுச்சு. இப்போ லேசர் உண்டாக்கற எக்ஸைட்டானுக்கு பக்கத்துல எப்பவும் ஒரு எலக்ட்ரான் தயாரா இருக்கு, ரெண்டும் சேர்ந்து ட்ரையான்.

கேடி விஷயத்துல நீங்க பைண்டிங் எனர்ஜியை மட்டும் பாக்கறீங்க, அங்கதான் சிக்கல். இதை ஒரு வேதிவினை மாதிரி பாருங்க: எக்ஸைட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்தா ட்ரையான், ட்ரையான் உடைஞ்சா திரும்ப அந்த ரெண்டும், ரெண்டு பக்கமும் ஓடிட்டே இருக்கு. கேடி உடைச்சுட்டேதான் இருக்கும், ஆனா எலக்ட்ரான் அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 10¹² - 10¹³ இருந்தா உடைஞ்ச எக்ஸைட்டான் உடனே இன்னொரு எலக்ட்ரானை பிடிச்சுக்கும். அதனால சமநிலை ட்ரையான் பக்கமே சாயும். எக்ஸைட்டான் மட்டும் ஏன் உடையாம நிக்குதுன்னா அதோட பைண்டிங் சில நூறு மில்லி இவி, பல்க் கேலியம் ஆர்சனைடுல வெறும் 4 சொச்சம்தான், அங்க அறை வெப்பத்துல எக்ஸைட்டானே தாங்காது.

வெளிச்சம் குறைஞ்சதுக்கும் இதே காரணம்தான். இந்தப் பொருள்ல ட்ரையான் பெரும்பாலும் ஒளி விடாத வழியிலதான் அழியுது. 2019ல பெர்க்லி குழு கேட் வோல்டேஜ் மட்டும் வச்சு எலக்ட்ரானை வெளியேத்தி, டிஃபெக்ட் இருக்கற சாம்பிளையே கிட்டத்தட்ட முழுசா ஒளிர வச்சாங்க, நான் படிச்சதுல மனசை ரொம்ப தொட்ட ரிசல்ட் அது.

நிச்சயமா தெரியணும்னா ராமன்ல 403 கிட்ட இருக்கற மோடை (அதிர்வை) பாருங்க. எலக்ட்ரான் ஏறினா அது கீழ நகர்ந்து அகலமாகும், 384 கிட்ட இருக்கறது பெருசா அசையாது. 384உம் சேர்ந்து நகர்ந்தா ஸ்ட்ரெய்ன் (ஃப்ளேக் இழுபட்டிருக்கறது) பக்கம் யோசிக்கணும். அப்புறம் மெதுவா காத்தை உள்ள விடுங்க, பிஎல் திரும்பி வந்தா சாம்பிள் பத்திரம்.

கேட்டவர்
பாத்துட்டேன்! 403 மட்டும் ஒரு வேவ்நம்பர் கீழ, 384 அப்படியே. காத்து விட்டு அரை மணில பீக் 1.88க்கு வந்துடுச்சு, இன்டென்சிட்டியும் கிட்டத்தட்ட பழையபடி ஆயிடுச்சு, உயிர் வந்துச்சு எனக்கு. ஆனா கூலிங்குக்கு வேக்யூம் போட்டே ஆகணுமே, அப்போ என்ன பண்றது?

பதில் 2
கீழ சிலிக்கான் நல்லா டோப் ஆனதா (கலப்பு சேர்த்து மின்சாரம் கடத்தறதா) இருந்தா அதையே பேக் கேட்டா (கீழ இருந்து வோல்டேஜ் குடுக்கற மின்முனையா) எடுத்துக்கோங்க, ஃப்ளேக் ஓரத்துல ஒரு காண்டாக்ட் போதும். 300 நேனோமீட்டர் ஆக்சைடுல ஒரு வோல்ட்டுக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7×10¹⁰ எலக்ட்ரான் நகரும், மைனஸ் 50 வோல்ட் குடுத்தா 3.5×10¹² வெளிய போயிடும். லீக்கேஜ் கரண்டை பாத்துக்கிட்டே படிப்படியா ஏத்துங்க, எடுத்த எடுப்புல 50க்கு போயிடாதீங்க.

பதில் 3
இடையில ஒண்ணு சொல்லிக்கிறேன். கேட் ஸ்வீப் பண்ணும்போது (வோல்டேஜை படிப்படியா மாத்தும்போது) எக்ஸைட்டான், ட்ரையான் ரெண்டு பீக்குக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மாறிட்டே போகும், எலக்ட்ரான் கூடக்கூட அது விரியும். அந்த முழு இடைவெளியையும் ட்ரையான் பைண்டிங்னு ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க, அதுல ஃபெர்மி எனர்ஜியும் (எலக்ட்ரான் கூடக்கூட ஏறற ஆற்றல்) சேர்ந்திருக்கு. அடர்த்தி அதிகமானா ஒரு எக்ஸைட்டான் ஒரு எலக்ட்ரானை பிடிச்சுச்சுங்கற படமே சரியா வராது, சுத்தியிருக்கற மொத்த எலக்ட்ரான் கடலும் அதுக்கு வளைஞ்சு குடுக்குது, அதனால அதை போலரான்னு சொல்றவங்கதான் இப்போ அதிகம். அடர்த்தியை பூஜ்யம் பக்கம் கொண்டுபோய் அங்க கிடைக்கற இடைவெளியை பைண்டிங்னு எடுத்துக்கோங்க.

கேட்டவர்
நல்லவேளை சொன்னீங்க, நான் 1.88லருந்து 1.85ஐ கழிச்சு 30னு நோட்புக்ல ஏற்கனவே எழுதி வச்சிருந்தேன். அடிச்சுட்டேன். காண்டாக்ட் போட்டுட்டு ஸ்வீப் டேட்டாவோட வரேன்.