புதுப்பிப்பு: தேதியில்லாத பழைய குடும்பப் படத்தின் காலம் தெரிந்துவிட்டது

ஒரு பெண்மணியும் இரண்டு குழந்தைகளும் அமெரிக்க ஸ்டுடியோ ஒன்றில் நிற்கும் படத்தைப் போட்டு, எந்த வருடம் இருக்கும் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உடையை விடுங்கள், பின்பக்கத்தைப் பாருங்கள் என்றவர் சொன்னதுதான் பலித்தது. ஆல்பத்திலிருந்து எடுத்துத் திருப்பினால், போஸ்ட்கார்டு தாள்! பின்னால் நடுக்கோடு: ஒரு பாதி கடிதத்துக்கு, மறுபாதி முகவரிக்கு. அமெரிக்காவில் இந்தப் பிரிப்பு 1907இல்தான் வந்தது. தபால்தலைக் கட்டத்தில் ஏ-இசட்-ஓ (புகைப்படத் தாளின் வணிகப் பெயர்) என்ற எழுத்துகள், நான்கு மூலையிலும் மேல்நோக்கிய முக்கோணங்கள். இது 1904 முதல் 1918 வரை புழங்கிய தாள். ஆக, 1907–1918.

அப்புறம்தான் உடை உதவியது. பாவாடை விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்கிறது; 1915 வாக்கில் பரவிய பாணி அது. எனவே 1915–1918. ஸ்டுடியோவில் மிச்சமிருந்த தாள் என்றால் கொஞ்சம் தள்ளிப் போகலாம்.

தூணும் படிக்கட்டும் வரைந்த பின்திரை கைகொடுக்கவில்லை. ஒரே திரையை வருடக்கணக்கில் வைத்திருப்பார்களே!

எதிர்பாராதது, அதே ஆல்பத்தில் இருந்த இன்னொரு படம். தோளருகே உப்பிய கை வைத்த சட்டை, 1895 வாக்கில் உச்சத்தில் இருந்த பாணி. தாளிலோ முக்கோணங்கள் இரண்டு மேல்நோக்கி, இரண்டு கீழ்நோக்கி, அதாவது 1918–1930. உற்றுப் பார்த்தால் மூலப் படம் ஒட்டியிருந்த பழைய அட்டையின் விளிம்பும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. பின்னாளில் எடுத்த நகல். இதற்கு மட்டும் தாளை ஒதுக்கிவிட்டு, உடையை வைத்து 1890கள் என்று குறித்துக்கொண்டேன்.