லிண்டன்–பார்ன்ஸ்டேபிள் லைன் ஏன் மூடினார்கள்? ஹார்டிங் லைனோடு சேர்த்து மாடல் செய்ய விவரம் வேண்டும்

ஷெப்ஸ்டோன் தண்டவாளம்:
வணக்கம். டர்பனில் எங்கள் சங்க விழாவுக்கு இரண்டு குறும்பாதை (நேரோ கேஜ்) ரயில்களை அருகருகே மாடலாக வைக்கப் போகிறோம். ஒன்று நம்ம போர்ட் ஷெப்ஸ்டோன்–ஹார்டிங். மற்றது இங்கிலாந்து டெவன் பகுதியின் லிண்டன்–பார்ன்ஸ்டேபிள். டெவன் லைனுக்கான அட்டையில் "பார்ன்ஸ்டேபிளில் பாதை அகலம் மாறியது, சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது, அதனால் மூடப்பட்டது" என்று எழுதலாமா? ஓர் அடிக்கு 4 மி.மீ. அளவில் செய்கிறோம். இரண்டுக்கும் 9 மி.மீ. தண்டவாளம் போதுமா? டெவன் லைனில் உள்ள செல்ஃபம் பாலத்துக்கு எவ்வளவு இடம் விடணும்?

கரும்பு வேகன்:
அப்படி எழுதாதீங்க அண்ணே. அகல மாற்றம் போர்ட் ஷெப்ஸ்டோனிலும் இருந்ததே. ஹார்டிங் பக்கத்து மரம் 610 மி.மீ. பாதையில் இறங்கி வந்து, கடலோர 1067 மி.மீ. வேகனுக்கு மாறித்தான் போச்சு. அந்த லைனில் கீழே இறங்க மரமும் கரும்பும் இருந்தன. 1986-ல் அரசு ரயில்வே கைவிட்ட பிறகும் தனியார் எடுத்து ஓட்டினார்கள் என்றால் காரணம் அந்தச் சரக்குதான்.

டெவனில் நிலக்கரியும் கட்டடச் சாமானும் மேலே போகும், திரும்புகிற வேகன் பெரும்பாலும் காலி. கோடைப் பயணிகளை நம்பித்தான் பிழைப்பு. அவர்களுக்கும் 31 கி.மீ. போக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். லிண்டன் ஸ்டேஷனோ ஊருக்கு மேலே குன்றின் மேல். முதல் உலகப் போருக்குப் பிறகு சாலைகள் சீராகி பஸ்ஸும் காரும் வந்ததும் ஆள் குறைந்துவிட்டது.

கடன் சுமை தொடக்கத்திலேயே விழுந்தது. மலைச்சரிவை ஒட்டி வளைந்து போனால் மலிவாக முடியும் என்றுதான் குறும்பாதையைத் தேர்ந்தார்கள். எதிர்பார்த்ததைவிடப் பாறை அதிகம், செலவு எகிறியது, காண்ட்ராக்டரோடு வழக்கு வேறு. திறந்தது 1898 மே 11. முன்னின்றவர் பத்திரிகை அதிபர் ஜார்ஜ் நியூன்ஸ். 1923-ல் இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வே கம்பெனி வாங்கி, 1925-ல் 'லியூ' என்ற புது எஞ்சினும் கொடுத்தது. பலன் இல்லை. கடைசி ரயில் 1935 செப்டம்பர் 29.

ஒன்பது மில்லி:
தண்டவாளக் கணக்கு: டெவன் லைன் 597 மி.மீ., நம்மது 610. உங்கள் அளவில் 7.83-ம் 8.0-ம். அந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. 9 மி.மீ. பாதை உண்மையில் 686 மி.மீ. அகலத்துக்குச் சமம், இரண்டுமே கொஞ்சம் அகலமாகத் தெரியும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், கவலை வேண்டாம்.

பாலம்தான் இடத்தைத் தின்னும். 8 வளைவுகள், ஒவ்வொன்றும் 42 அடி. அதாவது திறப்புகள் மட்டுமே 1344 மி.மீ., தூண்கள் தனி. உயரம் 70 அடி, 280 மி.மீ. பாதையை அந்த உயரத்துக்கு ஏற்றப் பார்க்காதீர்கள்: 50-க்கு 1 சரிவில் மீட்டருக்கு 2 செ.மீ.தான் ஏறும், 14 மீட்டர் நீளம் வேண்டியிருக்கும். பாலம் வரும் பலகையை மட்டும் 28 செ.மீ. தாழ்த்திப் பள்ளத்தாக்கு ஆக்குங்கள். பாலமே வளைவில் நிற்கிறது, நேராகக் கட்டினால் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். செங்கல்லுக்குச் சிவப்பு அடிக்காதீர்கள். அது மார்லண்ட் செங்கல், வெளிறிய நிறம்.

பெட்டிகள் 39½ அடி, அதாவது 158 மி.மீ. வளைவு ஆரம் 305 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கும்போது எடை குறைந்த நடுப்பெட்டி உள்பக்கம் சாய்ந்து தடம் புரளும். அப்படி ஆனால் போகிகளுக்கு (பெட்டிக்கு அடியில் திரும்பும் சக்கரத் தொகுதிகள்) நேர் மேலே ஈயம் ஒட்டுங்கள், கூரையில் வேண்டாம்.

ஷெப்ஸ்டோன் தண்டவாளம்:
ரொம்ப நன்றி. ஹார்டிங் பக்கம் என்.ஜி.ஜி. 16 என்ற 'காரட்' வகை (முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதி உள்ள) நீராவி எஞ்சினும், டெவன் பக்கம் 'லியூ'வும் வைக்கலாம்னு இருக்கோம். சரியா?

கரும்பு வேகன்:
தனித்தனியே சரி. இரண்டுக்கும் ஒரே ஆண்டைப் போடாதீங்க. என்.ஜி.ஜி. 16 வந்தது 1937-ல். அதற்குள் டெவன் தண்டவாளத்தைப் பிடுங்கியாச்சு, பிடுங்கும் வேலையில் இருந்த 'லியூ'வும் 1936-லேயே பிரேசிலுக்குக் கப்பல் ஏறிவிட்டது.

ஒன்பது மில்லி:
'லியூ' இல்லாமல் பழைய கம்பெனிக் காலம் வேண்டுமென்றால் 'யோ', 'எக்ஸ்', 'டா' மூன்று எஞ்சின்களும் 'மேனிங் வார்டில்' என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் தயாரிப்பு. 'லின்' எஞ்சின் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி செய்தது. பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் அப்போது தொழில் தகராறு, அதனால் அங்கே போனார்கள். எல்லாம் மூன்றெழுத்து ஆங்கில ஆற்றுப் பெயர்கள், 'லியூ' உட்பட.

அட்டையில் இன்னொன்றும் சேர்க்கலாம். 2004-ல் டெவன் லைனின் வுடி பே ஸ்டேஷனிலிருந்து சிறு துண்டு மறுபடி ஓடத் தொடங்கியது. அங்கே ஓடிய எஞ்சின்களில் 'ஐசக்' நம்ம நாட்டிலிருந்து போனது: 1953-ல் பாக்னால் கம்பெனி ருஸ்டன்பர்க் பிளாட்டினம் சுரங்கத்துக்குச் செய்தது. டோங்காட் கரும்பாலையின் 'இசிபுட்டு'வும் பாக்னால்தான், 1945. அது இங்கிலாந்தில் டோடிங்டனுக்குப் போனது, டெவனுக்கு அல்ல. இரண்டையும் குழப்பி எழுதிவிடாதீர்கள்.