தினமும் வேலைக்குப் போக 9 கி.மீ. – குறைந்த பட்ஜெட்டில் எந்த சைக்கிள்? பழையதை வாங்கலாமா?

கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. வீட்டிலிருந்து வேலையிடம் 9 கிலோமீட்டர். தார்ச்சாலைதான், ஆனால் ஆங்காங்கே குழிகள், நடுவில் நீளமான மேம்பாலம் ஒன்று. லேப்டாப்பும் மாற்றுத் துணியும் கூடவே வரும். பட்ஜெட் ரொம்பக் குறைவு. மூன்று சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதலாவது புதுசு: முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 21 கியர், தடித்த பட்டன் டயர். இரண்டாவது, ஒருவர் விற்கும் பழைய ஹைப்ரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவான ரகம்): ஷாக் கிடையாது, 21 கியர், வி-பிரேக் (ரிம்மை இருபக்கமும் ரப்பர் கட்டையால் பிடிப்பது). விலை முதலாவதற்குச் சமம். மூன்றாவது கியர் இல்லாத சாதா சைக்கிள். கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தே வரும், விலையும் இதற்குத்தான் குறைவு. மனசு முதலாவதில் நிற்கிறது. சரியா?

பதில் 1:
முதலாவது வேண்டாம் நண்பரே. அந்த விலைக்குள் ஷாக், டிஸ்க், 21 கியர் மூன்றையும் அடக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் இருப்பதிலேயே மலிவானதைத்தான் போட முடியும். மலிவு ஷாக் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) மட்டுமே 2 கிலோவுக்கு மேல் எடை வரும். மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள், முன்பக்கம் அமுங்கி அமுங்கி எழும். கால் கொடுக்கிற பலத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். பட்டன் டயர் மண் பாதைக்கு நல்லது, தாரில் இரைந்துகொண்டே இழுக்கும். குழிக்கு ஷாக் தேவையில்லை, 35 மி.மீ. அகலமுள்ள டயரில் அளவாகக் காற்று இருந்தாலே போதும்.

பிரேக்கிலும் அப்படித்தான். வி-பிரேக்கில் கட்டை தேய்ந்தால் கண்ணாலேயே தெரிந்துவிடும், மாற்றுவதும் எளிது, செலவும் குறைவு.

பதில் 2:
கியர் இல்லாததையும் ஒதுக்கிவிடாதீர்கள். தினசரி ஓட்டத்துக்கு அதன் பெரிய பலமே கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை என்பதுதான். முன் பல்சக்கரத்தில் 44, பின்னால் 18 பல் இருந்தால் ஒரு முழு மிதிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேல் போகும். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு ஏறத்தாழ 19 கி.மீ. சமதளத்துக்கு அது தாராளம். பாலம் கனமாகத் தெரிந்தால் பின்னால் 20 பல் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம்) மாற்றிக்கொள்ளலாம்.

பதில் 1:
ஒத்துக்கொள்கிறேன், வழி முழுக்கச் சமதளமாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் நீளமான பாலம், எதிர்காற்று, பின்னால் லேப்டாப் பை, மூன்றும் சேரும் நாளில் முட்டிதான் பாடுபடும். ஹைப்ரிட்டில் முன்னால் சிறிய பல்சக்கரம் 28, பின்னால் பெரியதும் 28 இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். பழையது நல்ல நிலையில் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

பதில் 3:
பழையது என்றால் நேரில் போய்ப் பாருங்கள், போட்டோவை நம்ப வேண்டாம்.

முதலில் ஃபிரேம். ஹேண்டில் பாருக்குக் கீழே குழாய்கள் சேருமிடத்தில், முக்கியமாகக் கீழ்க்குழாயின் அடிப்பக்கம், விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருக்கம் விழுந்தோ லேசாக உப்பியோ இருந்தால் எங்கோ நேராக மோதியிருக்கிறது. பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹேண்டிலுக்குக் கீழே டக் டக் என்று ஆடக் கூடாது. பெடல் தண்டுகள் இரண்டையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் அவற்றை இணைக்கும் நடு அச்சின் பேரிங் போயிருக்கிறது. ஒன்று மட்டும் ஆடினால் அந்தத் தண்டு அச்சில் தளர்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் அதன் துளை கெட்டிருக்கும், தண்டையே மாற்ற வேண்டி வரலாம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சின்னக் கோட்டம் பரவாயில்லை, எடுத்துவிடலாம்.

ஒரு ஸ்கேலும் கொண்டுபோங்கள். செயினில் கண்ணிகளை இணைக்கும் அடுத்தடுத்த முள்களுக்கு (பின்) இடையே அரை அங்குலம். ஒரு முள்ளின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 24 தாண்டி வரும் முள் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயின் மாற்ற வேண்டும். 1/8 தள்ளி நின்றால் பின் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

அப்புறம், வாங்கிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். நடு அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் எண்ணும் அதிலுள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் திருட்டு வண்டியோ என்ற கவலை இல்லை. கால்களை ஊன்றி நிற்கும்போது மேல்குழாய் உடம்பில் இடிக்காமல் 2-3 செ.மீ. இடைவெளியும் வேண்டும். சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், ஃபிரேம் அளவை மாற்ற முடியாது.

கேட்டவர்:
போய்ப் பார்த்துவிட்டேன், ரொம்ப நன்றி. ஃபிரேமில் சுருக்கம் இல்லை, எங்கும் ஆட்டம் இல்லை, உயரமும் பொருந்துகிறது. ரசீது இருக்கிறது, எண்ணும் ஒத்துப்போகிறது. செயின் முள் 1/16-ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது, 1/8 வரவில்லை. டயரில் 32-622 என்று போட்டிருக்கிறது, பக்கவாட்டில் பொடிப்பொடியாக வெடிப்பு. இதைவிட அகலமான டயர் போடலாமா?

பதில் 3:
வாங்கலாம். செயினையும் டயர்களையும் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள், அந்தப் பணம் அவற்றுக்கே சரியாகப் போகும். செயின் மாற்றியதும் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் கியரில் போட்டு ஒரு தடவை அழுத்தி மிதியுங்கள். பல்லில் நிற்காமல் நழுவினால்தான் பின் பல்சக்கரத் தொகுதியை மாற்ற வேண்டும்.

டயரில் 622 என்பது ரிம்மில் உட்காரும் விட்டம், மி.மீ.யில். அது மாறவே கூடாது. 32 என்பது அகலம், அதை ஏற்றலாம். ஃபோர்க்கிலும் பின் ஃபிரேமிலும் பக்கத்துக்கு 6 மி.மீ. இடம் மிஞ்சினால் 37-622 போடுங்கள், குழியில் கை அதிராது. மட்கார்டு போடுவதாக இருந்தால் அதற்கும் சேர்த்து இடம் பாருங்கள்.

பதில் 1:
பின் அச்சுக்கு மேலே ஃபிரேமில் திருகு போடும் துளை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் கேரியர் மாட்டிப் பையை அதில் கட்டிவிடலாம். முதுகில் லேப்டாப்போடு 9 கிலோமீட்டர் மிதித்தால் சட்டை நனைந்துவிடும். கொஞ்சம் பணம் மிஞ்சினால் மற்ற எதையும் விட முதலில் தடித்த யூ-லாக் வாங்குங்கள், ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பியில் பூட்டுங்கள்.